கணக்கே இல்லாமல் மாஸ்டடான் படிக்கலாம்

மாஸ்டடான் என்ற சமூக வலைதளத்தில் ஒருவர் எழுதுவதைப் படிக்க அங்கே கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. அவருடைய பக்க முகவரியின் கடைசியில் ஒரு புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ஆர்எஸ்எஸ் என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் சேர்த்து, ஃபீட்லி மாதிரி செய்தியோடை படிக்கும் ஏதாவது ஒரு செயலியில் ஒட்டுங்கள். (ஆர்எஸ்எஸ் என்றால் அந்த அமைப்பு இல்லை, இது புதுப் பதிவுகளைத் தானாகக் கொண்டுவரும் செய்தியோடை!) மாஸ்டடான் ஒரே கம்பெனியின் சர்வரில் ஓடுவதில்லை, ஆயிரக்கணக்கான தனித்தனி சர்வர்கள். ஒவ்வொன்றும் பொதுப் பதிவுகளைத் தானாகவே ஓடையாக வெளியிடுகிறது. நடுவில் விளம்பரமும் இல்லை, எதைக் காட்டலாம் என்று தீர்மானிக்கும் அல்காரிதமும் இல்லை. ப்ளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைதளத்திலும் இதே வழிதான், புள்ளிக்குப் பதில் சாய்கோடு (/).

பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்று போட்டவை இதில் வராது. மற்றவர்களுக்கு எழுதிய பதில்களும் வராது. நீங்களே பதில் எழுத ஆசைப்பட்டால், சரி, கணக்கு தொடங்கத்தான் வேண்டும்.