டீம் மாறும் ஃபார்முலா டிரைவரின் பெற்றோருக்கு: கையெழுத்திலிருந்து முதல் ரேஸ் வரை

புது டீமோடு பேச்சு முடிந்ததும் பல வீடுகளில் நடக்கும் முதல் வேலை, அந்த டீம் கலரில் ஹெல்மெட்டுக்குப் பெயின்ட் அடிப்பது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஜூனியர் ஃபார்முலா பந்தயங்களில் எல்லார் கையிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே கார். ஃபார்முலா 4 இந்தியாவில் எல்லாருக்கும் மிகால் சேசிஸ் (காரின் அடிக்கூடு), அல்பீன் எஞ்சின். எல்ஜிபி ஃபார்முலா 4-இல் எல்லாருக்கும் மாருதி சுஸுகி எஞ்சின். அப்படியிருக்க, டீம் மாறும்போது நிஜமாக மாறுவது இரண்டுதான்: ரேடியோவில் காதோடு பேசும் என்ஜினியர், முதுகுக்குப் பின்னால் இருக்கும் சீட். இந்த இரண்டையும் சரியாக அமைத்துக்கொண்டால் மற்றவை தானாக வரும்.

எப்போது பேச ஆரம்பிப்பது

ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் தீபாவளிக்குள் முடிவெடுத்துவிட வேண்டும். அங்கே சீசன் வசந்தகாலத்தில் தொடங்கினாலும், ஜனவரி, பிப்ரவரியில் வளைகுடா நாடுகளில் நடக்கும் குளிர்காலப் பந்தயங்களுக்கே பெரிய டீம்கள் ஆளை வைத்துவிடும். அதற்குப் பிறகு மிஞ்சுவது யாரோ விட்டுப்போன இடம்.

இங்கே கணக்கு வேறு. தேசிய அளவிலான பந்தயங்கள் பெரும்பாலும் ஆண்டின் பின்பாதியில் நடக்கின்றன. ஆகவே ஏப்ரலில் பேசி, ஜூனுக்குள் பிள்ளையின் உடம்புக்கேற்ப ஃபோமில் சீட் ஊற்றி, ஜூலையில் இரண்டு டெஸ்ட் நாள் ஓட்டிவிடுவது நல்லது. சீசன் நடுவில் டெஸ்ட் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கை எப்போது நனைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடக்கவிருந்த தெருப் பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-இல்தான் நடந்தது. ஒப்பந்தம் எழுதும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

யாரை நம்பிப் போகிறீர்கள்

டீம் பெயரையும் கோப்பைகளையும் பார்த்துப் போகாதீர்கள். நகரப் பெயர் தாங்கிய டீம்களில், உதாரணமாக சென்னை டர்போ ரைடர்ஸ் மாதிரியான அணிகளில், பெயர் ஒரு பக்கம், காரைத் தொட்டு வேலை செய்யும் ஆட்கள் இன்னொரு பக்கம் இருக்க வாய்ப்புண்டு. ஆகவே நேராகக் கேளுங்கள்: என் பிள்ளையின் காருக்கு என்ஜினியர் யார்? அவர் முழு சீசனும் வருவாரா, ரேஸுக்கு ரேஸ் கூலிக்கு வருகிறவரா? எத்தனை காரைப் பார்ப்பார்? ஒருவர் இரண்டு கார் வரை கவனமாகப் பார்க்கலாம். மூன்றாவது கார் சேர்ந்தால், பயிற்சி முடிந்ததும் உங்கள் பிள்ளைக்குக் கிடைப்பது ஐந்து நிமிடப் பேச்சுதான்.

அடுத்த கேள்வி டீம்மேட். தன்னைவிட மெதுவான டீம்மேட் இருந்தால் பிள்ளை டீமின் நட்சத்திரமாகத் தெரியும், ஆனால் எதுவும் கற்காது. அரை நொடி வேகமான டீம்மேட்டின் காரில் பதிவான டேட்டாவே பிள்ளைக்கு நல்ல வாத்தியார். அதைத் தடையில்லாமல் காட்டுவார்களா என்று கேட்டு, ‘ஆமாம்’ என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வருடா வருடம் டீம் மாறுவதை ஏதோ நிலையில்லாத குணம் மாதிரிப் பேசுவார்கள். நம் டிரைவர் குஷ் மைனி ஃபார்முலா 2-இல் 2023-இல் காம்போஸ், 2024-இல் இன்விக்டா, 2025-இல் டேம்ஸ் என்று ஓட்டினார். இன்னொரு இந்தியரான ஜெஹான் தாருவாலா அதே பந்தயத்தில் 2020 தொடங்கி நான்கு சீசனில் கார்லின், பிரேமா, எம்பி என்று மூன்று டீம் பார்த்தார். மாறுவதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் புது என்ஜினியரின் பேச்சு பழக இரண்டு மூன்று நாள் ஓட்டம் செலவாகும். அந்த நாட்களுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிட்டு மாறுங்கள்.

தாளில் என்ன இருக்க வேண்டும்

18 வயது நிரம்பாத பிள்ளை போட்ட கையெழுத்து நம் சட்டத்தில் செல்லாது. ஃபார்முலா 4-இல் 15 வயதிலிருந்தே ஓட்டலாம் என்பதால், பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோதான் ஒப்பந்தக்காரர். பணப் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்தான் விழும். வாய்க்கணக்கு வேண்டாம்.

முதலில் மொத்தத் தொகைக்குள் எதெல்லாம் அடங்குகிறது என்று பிரியுங்கள். எத்தனை ரவுண்டு, எத்தனை டெஸ்ட் நாள், ஒரு ரவுண்டுக்கு எத்தனை செட் புது டயர், இன்ஷூரன்ஸ், என்ட்ரி ஃபீஸ், ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா? ரவுண்டு ரத்தானால் அந்தப் பங்குப் பணம் திரும்புமா, டெஸ்ட் நாளாக மாறுமா? தள்ளிப்போன தேதியில் பிளஸ் டூ பரீட்சை வந்தால்? அதையும் கேளுங்கள்.

குடும்பங்கள் அதிகம் அடிபடுவது விபத்துச் செலவில். முன் மூக்கு, முன் இறக்கை, விஷ்போன், புஷ்ராட் (இரண்டும் சஸ்பென்ஷன் கம்பிகள்), ரிம், ஃப்ளோர், இந்த ஆறின் விலைப்பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். ஒரு விபத்துக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை என்று உச்சவரம்பு இருந்தால் நல்லது. மாற்றிய பாகத்தை உங்கள் கண்ணில் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். லேசாக வளைந்த விஷ்போனை நிமிர்த்திப் போட்டுவிட்டுப் புதுசுக்குப் பில் போடும் வாய்ப்பை அந்த ஒரு வரி அடைத்துவிடும். வளைந்ததை நிமிர்த்துவது ஆபத்தும்கூட. வெளியே தெரியாத விரிசல் அடுத்த பெரிய பிரேக்கில் விட்டுவிடும்.

வெளிநாட்டு டீம் என்றால் இரண்டு விஷயம். இங்கிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பக்கூடியது 2.5 லட்சம் டாலர் வரைதான். ஒரு வரம்புக்கு மேல் போனால் அனுப்பும்போதே வங்கி வரி பிடிக்கும். அது பின்னால் வருமான வரிக் கணக்கில் கழிந்தாலும் அன்றைக்குக் கையில் பணம் வேண்டும், எனவே ஆடிட்டரை முதலில் பாருங்கள். இரண்டாவது, நாட்டின் மோட்டார் பந்தய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தரும் லைசென்ஸ் வருடாவருடம் புதுப்பிப்பது. வெளிநாட்டில் ஓட்ட அவர்களின் அனுமதிக் கடிதமும் தேவை. மருத்துவச் சான்றுக்கு நாளாகும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

பழைய டீமை விட்டு வரும்போது

சண்டை போட்டுக்கொண்டு வராதீர்கள், டீம்கள் கூடும் பேடாக் சின்னது. பாக்கியைத் தீர்த்து, ‘இரு தரப்புக்கும் பாக்கி இல்லை’ என்று ஒரு மெயில் வாங்குங்கள். பிள்ளையின் சொந்த டேட்டா, ஆன்போர்டு வீடியோ இரண்டையும் ஹார்டு டிஸ்கில் வாங்கிக்கொள்ளுங்கள். காரை எப்படி அமைத்தார்கள் என்று எழுதிய செட்டப் ஷீட் டீமின் சொத்து, அதைக் கேட்பது மரியாதை இல்லை. கிளம்பும் முன் ஒரு டேப் எடுத்து, பெடலிலிருந்து சீட் முதுகு வரை, ஸ்டியரிங் நடுவிலிருந்து மார்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதே சேசிஸில்தான் தொடர்கிறீர்கள், சீட்டுக்கும் நீங்கள்தான் பணம் கொடுத்தீர்கள் என்றால் சீட்டையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். போன வருடத்திலிருந்து பிள்ளை 3 செமீ வளர்ந்திருந்தால் அது வேலைக்காகாது, புதிதாக ஊற்றுங்கள்.

சீட் ஊற்றுவது

அரை நாள் ஒதுக்குங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஏசி இல்லையென்றால் காலை எட்டு மணிக்கு முன் ஆரம்பியுங்கள். இரண்டு திரவத்தைக் கலந்து ஊற்றும் ஃபோம் சூட்டில் சீக்கிரம் பொங்கும். மே மாதச் சென்னை மதியத்தில் கலக்கி முடிப்பதற்குள் வாளியிலேயே எழும்பி நிற்கும்.

பிள்ளை அணிய வேண்டியது பழைய ரேஸ் சூட், ஷூ, ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ். ஹெல்மெட் இல்லாமல் ஊற்றினால் தலை நிலை மாறி, பிறகு ஓட்டும்போது கழுத்து முன்னால் தள்ளும். காக்பிட் முழுக்கத் தடித்த பிளாஸ்டிக் விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். ஃபோம் போகும் பையை இரட்டையாகப் போடுங்கள். பை ஒன்று கிழிந்தால் ஃபோம், டிரைவர் உட்காரும் கார்பன் கூடான டப்பில் ஒட்டிக்கொள்ளும், சுரண்டி எடுக்க ஒரு நாள் போகும்.

முதலில் ஊற்றாமலே உட்கார வையுங்கள். இடுப்பு பின்னால் முழுக்க ஒட்ட வேண்டும். பிரேக்கை முழுசாக மிதித்தபோதும் முழங்கால் நேராகக் கூடாது, சற்று மடிந்தே இருக்க வேண்டும். தோளைப் பின்னால் ஒட்டிவைத்துக் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் விழ வேண்டும். கார்ட்டிங்கிலிருந்து வரும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரப் பார்ப்பார்கள், விடாதீர்கள். ஹெல்மெட், கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் ஹூப் வளையத்தின் கோட்டுக்கு மேலே வந்தால், ஸ்க்ரூட்டினி என்கிற கார் பரிசோதனையில் நிற்க வேண்டியதாகிவிடும்.

பிறகு இரண்டு தடவையாக ஊற்றுங்கள். முதலில் இடுப்பும் கீழ் முதுகும். அது இறுகியதும் விலாவும் தோளும். ஒரே தடவையில் முழுசாக ஊற்றினால் பொங்கும் ஃபோம் பிள்ளையை மேலே தூக்கிவிடும், பிறகு எத்தனை வெட்டினாலும் உயரம் சரியாகாது. பொங்கும்போது சூடாகும். தாங்க முடியாவிட்டால் உடனே எழுந்துவிடலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இறுகும் வரை பிள்ளை கையை ஸ்டியரிங்கிலும் காலை பிரேக்கிலும் வைத்து அசையாமல் இருக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடிக்கக் கூடாது. வழக்கமான மூச்சில் இறுகிய சீட்தான் பத்தாவது லேப்பில் நெஞ்சை அழுத்தாது.

காய்ந்ததும் ரொட்டி அறுக்கும் பல் கத்தியால் ஓரம் சீவுங்கள். பெல்ட்டின் ஆறு வாரும் ஃபோமில் உரசாமல் போக வழி வெட்டுங்கள். இரு கால்களுக்கு இடையே வரும் வார்களின் வழியைத்தான் பலர் குறுக்கிவிடுகிறார்கள். அந்த வார் சிக்கி இறுகாமல் போனால் இடுப்பு பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும், மோதலில் அதுதான் காயப்படுத்தும். கடைசியில் வழவழப்பான டேப்பை முழுக்கச் சுற்றுங்கள். இறங்கி ஏறும்போது ஃபோம் தூள் கொட்டாது.

எடையும் நான்கு தராசும்

புது சீட் போட்டதும் காரின் எடைப் பங்கீடு மாறியிருக்கும். நான்கு சக்கரத்துக்கும் கீழே தராசு வைத்து, பிள்ளை முழு உடையோடு உட்கார்ந்து, பாதி பெட்ரோலோடு அளக்கச் சொல்லுங்கள். குறுக்குவாட்டு எடை, அதாவது முன் இடதும் பின் வலதும் சேர்ந்தது, மொத்தத்தில் ஏறக்குறைய பாதி இருக்க வேண்டும். இல்லையென்றால் கார் ஒரு பக்கத் திருப்பத்தில் முன்பக்கம் வழுக்கும், மறுபக்கத்தில் பின்பக்கம் வழுக்கும். பிள்ளை அதைத் தன் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். குறைந்தபட்ச எடை காரும் டிரைவரும் சேர்ந்தது என்பதால், ஒல்லியான பிள்ளைக்கு ஈயக்கட்டி வரும். அது எவ்வளவு கீழே, சீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறது என்று பாருங்கள்.

டெஸ்ட் நாள்

இருங்காட்டுக்கோட்டை ட்ராக் சுமார் 3.7 கிமீ, 12 திருப்பம். புது டீமோடு முதல் நாள் லேப் டைமைத் தேடாதீர்கள். முதல் ஓட்டம் ஒரே ஒரு லேப். உள்ளே வந்ததும் எண்ணெய், தண்ணீர் ஒழுகுகிறதா, பெல்ட் தளர்ந்ததா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது ஓட்டம் பழைய டயரில் ஆறு லேப், செட்டப்பைத் தொடாமல். அதன் பிறகுதான் மாற்றம், அதுவும் ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம். கார் பக்கவாட்டில் சாய்வதைக் கட்டுப்படுத்தும் ரோல் பாரையும் டயர் பிரஷரையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

புது டயரைக் காலையிலேயே போட்டுவிடுங்கள். மதியம் ட்ராக் கொதிக்கும், புது டயரின் நல்ல பிடி இரண்டு மூன்று லேப்பில் தீர்ந்துவிடும். மதியத்தைப் பத்துப் பன்னிரண்டு லேப் நீள ஓட்டத்துக்கு வையுங்கள். ரேஸில் நடப்பதும் அதுதான். ஓட்டத்துக்கு நடுவே உப்புச்சர்க்கரைத் தண்ணீர், தலையில் ஈரத்துண்டு. ஐம்பது நிமிடம் உடையோடு வெயிலில் நின்ற பிள்ளை அடுத்த ஓட்டத்தில் பிரேக்கைத் தாமதமாக மிதிக்கும், காரணம் புரியாமல் நீங்கள் செட்டப்பை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

சாயங்காலம் டீம்மேட்டின் டேட்டாவை மேலே போட்டுப் பார்க்கும்போது, வேகக் கோட்டுக்கு முன் பிரேக் அழுத்தக் கோட்டைப் பாருங்கள். இந்தக் கார்களில் ஏபிஎஸ் கிடையாது. நல்ல டிரைவரின் கோடு செங்குத்தாக ஏறி, திருப்பத்துக்குள் நுழையும்போது மெதுவாக இறங்கும். கார்ட்டிங்கிலிருந்து வந்த பிள்ளையின் கோடு சாய்வாக ஏறி, பாதி உயரத்திலேயே நிற்கும். அதைச் சரிசெய்தால் ஒரு லேப்பில் கிடைக்கும் நேரத்தை எந்த ஸ்ப்ரிங் மாற்றமும் தராது. அடுத்தது முதல் திருப்பமான சி1-இல் த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) கோடு. நீள நேர்கோட்டின் முடிவில் வரும் அந்த வேகத் திருப்பத்தில் பாதம் ஒரு கணம் தளர்ந்தால் டேட்டாவில் சின்னக் குழியாகத் தெரியும். குழி எல்லா லேப்பிலும் ஒரே இடத்தில் இருந்தால் அது பயம். இடம் மாறி மாறி வந்தால் பெரும்பாலும் கார்தான் அசைகிறது, என்ஜினியரிடம் சொல்லுங்கள்.

முதல் ரவுண்டுக்கு ஒரு வாரம் முன்

சூட், கையுறை, ஷூ, உள்ளாடை, ஹெல்மெட், ஹான்ஸ் எல்லாவற்றின் எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) லேபிளையும் திருப்பிப் பார்த்துப் போனில் படம் எடுத்து வையுங்கள். லேபிள் கிழிந்திருந்தால் புது உடையைக்கூட நிராகரிப்பார்கள். ஹெல்மெட் பெயின்ட்டுக்கு இப்போது வாருங்கள். கம்பெனி அனுமதித்த பெயின்ட்டா என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். தெரியாத கரைப்பான் ஹெல்மெட்டின் வெளிக்கூட்டைப் பலவீனமாக்கிவிடும், வெளியே பளபளப்பாகவே இருக்கும். பழைய ஹெல்மெட்டைத் துடைத்துப் பையில் போட்டு வையுங்கள், ரேஸ் அன்றைக்குப் புதுசின் வைசர் மக்கர் செய்தால் அதுதான் கைகொடுக்கும்.