அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைப் பிள்ளைகளோடு பின்தொடர்வது எப்படி: மலையகப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

அடுத்த அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் 2028 நவம்பர் 7ஆம் திகதி நடைபெறவுள்ளது. அதில் எங்களுக்கும் வாக்கில்லை, எங்கள் பிள்ளைகளுக்கும் வாக்கில்லை. இருந்தும் 2024ஆம் ஆண்டுத் தேர்தலை, ஹட்டனில் உள்ள எங்கள் வீட்டில், அப்போது தரம் 10இல் படித்த மகளையும் தரம் 6இல் படித்த மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்தேன். அரசியலில் அக்கறையுள்ள, அந்த அக்கறையைப் பிள்ளைகளுக்கும் ஊட்ட விரும்பும் பெற்றோருக்கு உதவும் என்ற நம்பிக்கையில், நாங்கள் செய்தவற்றை இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படையாக நான் கொண்டிருப்பது ஒன்றுதான்: யாருக்கு வாக்கு இருக்கிறது, அந்த வாக்கின் பெறுமதி என்ன, அதை எண்ணுவது யார் என்று கேட்கப் பிள்ளை பழக வேண்டும். வாக்குரிமையைப் பறிகொடுத்து மீளப் பெற்ற ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்விகள் வேறு எவரையும்விட நெருக்கமானவை.

எங்கள் வாசலிலிருந்து தொடங்குங்கள்

தூரத்து நாட்டின் தேர்தல் தனக்கு எதற்கு என்று பிள்ளை கேட்கும், கேட்பது நியாயம். அதற்குப் பொதுவான பதில் எதுவும் சொல்லாமல், பிள்ளைக்குத் தெரிந்த ஒருவரைக் காட்டுங்கள். தோட்டத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கோ பியகமவுக்கோ ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போன ஒரு அக்கா அநேகமாக ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார். இலங்கையில் தைக்கப்படும் ஆடைகளை மிக அதிகமாக வாங்கும் நாடு அமெரிக்கா. 2025 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வையை அறிவித்தார். பேச்சுவார்த்தைகளுக்குப் பின்னர், அதே ஆண்டு ஆகஸ்டில் அது 20 வீதமாக நடைமுறைக்கு வந்தது. அந்த நான்கு மாதங்களும் அந்த அக்காவின் வீட்டில் என்ன பேசினார்கள் என்று பிள்ளையே போய்க் கேட்டு வரட்டும்.

தேயிலைக்கும் இதே கதைதான். எங்கள் தேயிலையை விரும்பி வாங்கும் நாடுகளில் ஈரானும் ஒன்று. 2018 மே மாதத்தில் அமெரிக்கா ஈரானுடனான அணுசக்தி உடன்படிக்கையிலிருந்து விலகித் தடைகளை மீண்டும் விதித்தபோது, பணக் கொடுக்கல் வாங்கல் சிக்கலானது; எண்ணெய்க்காக ஈரானுக்குச் செலுத்த வேண்டிய 25 கோடி டொலருக்கும் அதிகமான கடனைத் தேயிலையாகவே கொடுத்துத் தீர்ப்பது என்று 2021 டிசம்பரில் இலங்கை உடன்பட நேர்ந்தது. மலையில் கொழுந்து பறிக்கும் கைக்கும் வாஷிங்டனில் ஒருவர் இடும் கையொப்பத்துக்கும் உள்ள தொடர்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வரைபடமும் வகுத்தல் கணக்கும்

பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அமெரிக்க வரைபடத்தை வரையச் சொல்லுங்கள். கோடுகள் நேர்த்தியாக வர வேண்டியதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்குள்ளும் அதற்குரிய தேர்வாளர் (மக்களின் வாக்குக்கேற்ப ஜனாதிபதியைத் தெரிவு செய்யும் பிரதிநிதிகள்) எண்ணிக்கையை எழுத வேண்டும், அதுவே முக்கியம். மொத்தம் 538 தேர்வாளர்கள். 270 பேரைப் பெறுபவர் ஜனாதிபதி. 48 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அந்த இடத்தின் தேர்வாளர்கள் அனைவரும் கிடைக்கிறார்கள். மெய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டு மட்டும் தொகுதி வாரியாகப் பிரித்துக் கொடுக்கின்றன.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு ஜனாதிபதியைத் தெரிவு செய்யும் எங்கள் முறையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, கூடுதல் வாக்குப் பெற்றவர் தோற்கலாம் என்பது எளிதில் விளங்காது. 2000ஆம் ஆண்டில் அல் கோர் நாடளாவிய ரீதியில் 5 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தார். ஆனால் புளோரிடாவை 537 வாக்குகளால் வென்ற ஜோர்ஜ் புஷ் 271 தேர்வாளர்களோடு ஜனாதிபதியானார். 2016இல் ஹிலாரி கிளின்டன் 28 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளால் முன்னிலை பெற்றும் தோற்றார். இந்த இரண்டு ஆண்டுகளையும் சொன்ன பிறகு, கணக்கைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். 2020 கணக்கெடுப்பின்படி வயோமிங் மாநிலத்தில் ஏறத்தாழ 5 இலட்சத்து 77 ஆயிரம் பேர், தேர்வாளர்கள் 3. கலிபோர்னியாவில் ஏறத்தாழ 3 கோடியே 95 இலட்சம் பேர், தேர்வாளர்கள் 54. ஒரு தேர்வாளருக்கு எத்தனை பேர் என்று வகுத்துப் பார்த்த என் மகன், வயோமிங்கில் 1 இலட்சத்து 92 ஆயிரம் என்றும் கலிபோர்னியாவில் 7 இலட்சத்துக்கும் மேல் என்றும் விடை கண்டதும், தான் பிழையாக வகுத்துவிட்டதாக நினைத்து மறுபடியும் முதலிலிருந்து செய்தான். நுவரெலியா மாவட்டத்தைவிடக் குறைந்த மக்களைக் கொண்ட ஒரு மாநிலத்தின் வாக்குக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு எடை இருக்கிறது என்பதை அவன் அதன் பின் மறக்கவில்லை.

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த எங்கள் ஜனாதிபதித் தேர்தலையும் பக்கத்தில் வையுங்கள். அநுர குமார திசாநாயக்க முதற் சுற்றில் 50 வீதத்தைத் தாண்டாமல் 42.31 வீதமே பெற்றதால், இலங்கை வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. அமெரிக்காவில் 2024 ஜனாதிபதித் தேர்தலில் அத்தகைய தெரிவொழுங்கு வாக்கு மெய்ன், அலாஸ்கா ஆகிய மாநிலங்களில் மாத்திரமே இருந்தது. எந்த முறை நல்லது என்று பிள்ளைகளை விவாதிக்க விடுங்கள். தீர்ப்புச் சொல்லும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யாருக்கு வாக்கு இருந்தது என்று கேளுங்கள்

முழு வழிகாட்டியிலும் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்லும் பகுதி இது. ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் அமெரிக்காவையும் வலப்பக்கம் இலங்கையையும் எழுதுங்கள். இடப்பக்கத்தில்: 1870இல் கறுப்பின ஆண்களின் வாக்குரிமை அரசியலமைப்பில் இடம்பெற்றது, ஆனால் தென் மாநிலங்கள் எழுத்தறிவுப் பரீட்சை, வாக்கு வரி என்று தடைகளை அடுக்கின, 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை, 1923இல், இந்தியாவில் பிறந்த பகத் சிங் திந்த் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு, 1946இல் இந்தியர்களுக்கு அந்த வழி திறப்பு, 1965இல் வாக்குரிமைச் சட்டம். வலப்பக்கத்தில்: 1931இல் சர்வசன வாக்குரிமை, ஆனால் தோட்டத் தொழிலாளருக்கு நிபந்தனைகளோடு; 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 7 ஆசனங்கள்; 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம்; 1949இல் தேர்தல் சட்டத் திருத்தத்தின் மூலம் வாக்குரிமையும் பறிப்பு; 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம்; 1988இலும் 2003இலும் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டங்கள். இரண்டு பக்கங்களையும் குறுக்காக வாசிக்கச் சொன்னால், வாக்குரிமை ஒரு தடவை கிடைத்தால் என்றும் நிலைக்கும் என்ற எண்ணம் பிள்ளையிடமிருந்து தானாக விலகும்.

வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இந்தப் பகுதியை அவர்களிடம் ஒப்படையுங்கள். என் மாமியார் தமது ட்ரங்குப் பெட்டியிலிருந்து பிரஜாவுரிமைச் சான்றிதழை எடுத்து மகனிடம் கொடுத்தார். பிளாஸ்டிக் உறையில் நான்காக மடித்து வைத்திருந்த தாள். மடிப்பு விழுந்த இடங்கள் கிழிந்து, பின்புறம் ஒட்டுத்தாள் மஞ்சளாகிப் போயிருந்தது.

“அப்பாயி, நீங்க இங்கதானே பொறந்தீங்க? பிறகு எதுக்கு இந்தக் கடதாசி?”

“நான் பொறந்ததுக்குப் பதிவு இருந்துச்சுய்யா. எங்கப்பா பொறந்ததுக்கு இல்ல. அந்தக் காலத்துல தோட்டத்துல அதெல்லாம் யாரு பதிஞ்சா?”

1948ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையின் பிறப்புக்கு ஆதாரம் கேட்டது என்பதை நான் எத்தனை தடவை விளக்கியிருந்தாலும், அந்தப் பதில் அளவுக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது.

2024 தேர்தலில் எங்கள் ஊரெங்கும் கேட்ட பேச்சு, டொனால்ட் ட்ரம்பை எதிர்த்துப் போட்டியிட்ட கமலா ஹாரிஸ் “நம்ம புள்ள” என்பதுதான். அவருடைய தாயார் சியாமளா கோபாலன் தமிழ்ப் பெண். பாட்டனாரின் பூர்வீக ஊர் தமிழ்நாட்டின் துளசேந்திரபுரம். பிள்ளைகள் அந்த மகிழ்ச்சியில் பங்கெடுப்பதை நான் தடுக்கவில்லை, நானும் பங்கெடுத்தேன். ஆனால் இனத்தின் பேரில் மட்டும் ஒருவரை ஆதரிப்பதன் விலையை இந்த நாட்டில் நாங்கள் நன்கு அறிவோம் என்பதால், அவருடைய கொள்கைகள் என்ன என்று கேட்கவும் பழக்கினேன். அதோடு இரண்டு திகதிகளையும் சொன்னேன். கமலா ஹாரிஸ் 1964 ஒக்டோபர் 20ஆம் திகதி கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் பிறந்தார். படிக்கச் சென்ற ஒரு தமிழ்ப் பெண்ணின் மகள், பிறந்த மண்ணின் உரிமையால் அன்றே அமெரிக்கக் குடிமகள். பத்து நாட்கள் கழித்து, ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையொப்பமானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கங்களும் எங்கள் மக்களைப் பங்கு பிரித்தன. பிரிக்கப்பட்டவர்களில் பலர் இந்த மலைகளில் பிறந்தவர்கள். என் மகள் இரண்டு திகதிகளையும் தாளின் இரு பக்கங்களிலும் எழுதி, நடுவில் ஒரு கோடு இழுத்தாள்.

அதே கோட்டின் தொடர்ச்சியாக, பிறப்பால் வரும் குடியுரிமையைக் கட்டுப்படுத்தும் ஆணையில் டொனால்ட் ட்ரம்ப் 2025 ஜனவரி 20ஆம் திகதி, பதவியேற்ற அன்றே, கையொப்பமிட்டதையும் அதற்கு எதிராக வழக்குகள் தொடரப்பட்டதையும் சொல்லுங்கள். 2024 செப்டெம்பர் 10ஆம் திகதி விவாதத்தில், ஒஹையோவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் குடியேறிகள் அயலவரின் வளர்ப்புப் பிராணிகளை உண்பதாக அவர் கூறியபோது, அதற்கு நம்பத்தகுந்த ஆதாரமில்லை என்று நகர நிர்வாகம் தெரிவித்திருப்பதாக நெறியாளர் அங்கேயே திருத்தினார். கள்ளத்தோணி என்று ஏசப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, பொய் எப்படிப் பரவுகிறது என்று பேச வேண்டும்.

எண்ணும் நாள்

நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வையுங்கள். நவம்பரில் நாங்கள் நியூயோர்க்கைவிட பத்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம். ஆகவே ஜோர்ஜியாவில் வாக்களிப்பு முடியும்போது இங்கே மறுநாள் காலை 5.30; பென்சில்வேனியாவில் முடியும்போது 6.30, கலிபோர்னியாவில் முடியும்போது 9.30. பிள்ளைகள் பாடசாலை சென்று திரும்பும்போது வரைபடத்தில் அரைவாசி, வென்றவரின் கட்சி நிறத்தைத் தீட்டும் நிலையில் இருக்கும். 2024இல் முடிவு தெளிவானது எங்களுக்கு மாலை 4 மணியளவில். 2020இலோ செவ்வாய்க்கிழமை நடந்த தேர்தலுக்குச் சனிக்கிழமை இரவுதான் விடை கிடைத்தது. காத்திருப்பதும் பாடத்தின் ஒரு பகுதியே.

இங்கே தபால் மூல வாக்கு முடிவுகள் முதலில் வருவதைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, பென்சில்வேனியாவில் தபால் வாக்குகளைத் தேர்தல் நாள் காலைக்கு முன்னர் பிரிக்கவே சட்டம் இடமளிப்பதில்லை என்பதைச் சொல்லிவையுங்கள். அதனால் முன்னிலை இடையில் மாறும். மாறுவது மோசடி ஆகாது. எங்கள் தேர்தல்கள் ஆணைக்குழுவைப் போல நாடு முழுவதற்கும் முடிவு அறிவிக்கும் நிறுவனம் அங்கே இல்லை. அன்றிரவு தொலைக்காட்சியில் வருவது அசோசியேட்டட் பிரஸ் போன்ற ஊடக நிறுவனங்களின் கணிப்பு. தேர்வாளர்கள் டிசம்பரில் கூடி வாக்களித்து, ஜனவரி 6ஆம் திகதி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் எண்ணிய பிறகே அது சட்டப்படி முடிவாகிறது. 2021இல் அந்த நாளில், தோல்வியை ஏற்காத ட்ரம்பின் ஆதரவாளர்கள் காங்கிரஸ் கட்டடத்துக்குள் வன்முறையாகப் புகுந்ததைப் பெரிய பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படங்களை வரைபடத்தில் ஏற்றக் கூடாது என்று முதலிலேயே விதி போட்டுக்கொள்வது நல்லது.

உங்கள் சார்பைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டாம். நான் யார் வெல்ல வேண்டும் என்று விரும்பினேன் என்பது என் பிள்ளைகளுக்குத் தெரியும். ட்ரம்புக்கு 312, ஹாரிஸுக்கு 226 தேர்வாளர்கள் என்று முடிந்த தேர்தலின் விடை தெளிவான மாலையில் எனக்கு வந்த கவலையும் தெரியும். ஆனால் எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஏழு ஊசலாட்ட மாநிலங்களையும் மகன் ட்ரம்பின் கட்சி நிறமான சிவப்பால் தீட்டி முடிக்கும் வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. ட்ரம்ப் நாடளாவிய வாக்கிலும் ஏறத்தாழ 49.8க்கு 48.3 வீதம் என்று முன்னிலை பெற்றார் என்பதையும், அவருக்கு வாக்களித்த 7 கோடியே 70 இலட்சத்துக்கும் அதிகமான மக்களுக்கு விலைவாசி முதலான அவரவர் காரணங்கள் இருந்தன என்பதையும் பேசினோம். தோற்ற பக்கம் மறுநாளே தோல்வியை ஏற்று உரையாற்றியதைப் பிள்ளைகள் முழுமையாகக் கேட்டார்கள்.

அடுத்து செய்ய வேண்டியது

அமெரிக்காவில் வடக்கு டகோட்டா தவிர்ந்த மாநிலங்களில் வாக்களிப்பதற்குப் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். இங்கே கிராம உத்தியோகத்தர் வழியாகத் தேருநர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. லயங்களில் வீட்டுக்கு வீடு தனி முகவரி இல்லாததாலும், இளைஞர்கள் கொழும்பில் வேலை செய்வதாலும் எங்கள் பெயர்கள் விடுபடுவது எளிது. ஆகவே தேர்தல் முடிந்த வாரத்தில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிராம உத்தியோகத்தர் அலுவலகத்துக்குப் போய், வீட்டிலுள்ள 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரின் பெயரும் இடாப்பில் இருக்கிறதா, எழுத்துகள் தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளை எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறார் என்பதையும் கேட்டறியுங்கள். இடாப்பில் உங்கள் வீட்டுப் பெயர்களைத் தேடி வாசிக்கும் வேலையைச் சின்னவரிடம் கொடுங்கள்.