வலிக்கவில்லையே என்று விட்டுவிடுகிறோம்: பல் பராமரிப்பில் செய்யும் தவறுகள்

அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும்போது பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வர ஆரம்பித்தது. பிரஷ் குத்துகிறது போல என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, விரலால் பல்பொடி தேய்க்கத் தொடங்கினார். ரத்தம் குறைந்த மாதிரி இருந்தது. வலியும் இல்லை. ஐம்பத்தைந்து வயதுக்குள் கீழ் முன்பற்கள் ஆடத் தொடங்கி ஒவ்வொன்றாக விழுந்தன. விழுந்த பற்களில் ஒன்றில்கூடச் சொத்தை கிடையாது. இன்றைக்கும் முறுக்கைக் காபியில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தப் பற்களைக் காப்பாற்றியிருக்கலாம்.

ஈறில் ரத்தம் வந்தால் பெரும்பாலும் காரணம் பிரஷ் இல்லை, சரியாகத் தேய்க்காத இடத்தில் சேர்ந்த அழுக்குதான். சாப்பிட்ட பிறகு பல்லின் மேல் வழவழப்பாக ஒரு படலம் படியும். அது முழுக்கக் கிருமிகள். அதை அகற்றாமல் விட்டால், எச்சிலில் இருக்கும் கால்சியம் அதில் சேர்ந்து சில நாட்களிலேயே இறுகிக் காரையாகிவிடும். ஈறு அதை எதிர்த்துச் சிவந்து வீங்குகிறது, தொட்டால் ரத்தம் கசிகிறது. இந்த நிலையில் மென்மையான பிரஷ்ஷால் ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பொறுமையாகத் தேய்த்தால், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் நின்றுவிடும். நிற்காவிட்டால் டாக்டரிடம் போயாக வேண்டும். பிரஷ்ஷை நிறுத்தினால் அழுக்கு ஈறுக்குக் கீழே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைக்கத் தொடங்குகிறது. கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். காலைப் பார்த்துக்கொள்கிற அளவுக்கு அவர்கள் வாயையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'பல்லை க்ளீன் செய்தால் ஆட ஆரம்பித்துவிடும், இடையில் சந்து விழும்' என்பது இதோடு ஒட்டிய இன்னொரு பயம். அந்தச் சந்து ஏற்கெனவே அங்கே இருந்ததுதான். எலும்பு கரைந்து ஈறு இறங்கிய இடத்தைக் காரை சிமெண்ட் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் உண்மை நிலைமை கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். சில நாள் கூச்சம் இருக்கலாம், அது போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, முடியாவிட்டால் வருடத்துக்கு ஒரு முறையாவது காட்டிவந்தால், காரை அந்த அளவுக்குச் சேராது.

அடுத்தது சொத்தை. 'பல்லில் பூச்சி' என்று சொல்கிறோமே தவிர, அங்கே பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன, அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சான எனாமலை அரிக்கிறது. எனாமலில் நரம்பு கிடையாது. அதனால் அரிப்பு தொடங்கும் காலத்தில் ஒன்றும் தெரியாது. உள்ளடுக்குக்குப் போன பிறகு இனிப்புக்கும் குளிர்ச்சிக்கும் கூசும். ராத்திரி தூங்க விடாமல் வலிக்கிறது என்றால், பெரும்பாலும் அது நடுவிலிருக்கும் நரம்பு வரை போய்விட்டது என்று அர்த்தம். கூச்சத்தோடு போயிருந்தால் ஒரே நாளில் அடைத்து அனுப்பியிருப்பார்கள். வலியோடு போனால் கெட்டுப்போன நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கேனல், அப்புறம் பல்லுக்கு மேல் உறை மாதிரி போடும் கேப் என்று செலவு பல மடங்காகிறது.

இந்தக் கட்டத்தில் செய்யும் தவறுகள்தான் அதிகம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இரண்டு வலி மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் வாங்கிப் போட்டுக்கொள்வது. புகையிலையை அடக்கிக்கொள்வது. ஆஸ்பிரினைப் பல்லின் மேல் வைத்து ஈறைப் புண்ணாக்கிக்கொள்வது. கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், அதை மருந்து என்று நினைத்து மாதக்கணக்கில் ஓட்டக்கூடாது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, கடுமையாக வலித்த பல் ஒரு நாள் தானாக வலி நின்றுபோவது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படுவோம். உண்மையில் உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கும். கிருமி சத்தமில்லாமல் வேர் நுனிக்குப் போய்ச் சீழ் கட்டும், சில மாதம் கழித்துக் கன்னம் வீங்கும்.

ரூட் கேனலைப் பாதியில் விடுவதும் அப்படித்தான். முதல் தடவை போனதுமே வலி போய்விடுகிறது, அடுத்த முறை போவதில்லை. நானே கேப் போடாமல் ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். ஒரு தீபாவளிக்குச் சீடை கடித்தபோது அந்தக் கடைவாய்ப்பல் இரண்டாகப் பிளந்தது. பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள்.

பிடுங்கப் போகும்போது கேட்ட பேச்சு, மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது. படித்தவர்களும் சொன்னார்கள். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. மூளையிலிருந்து வரும் நரம்புகளில் இரண்டாவது பார்வைக்கானது, பற்களுக்கு வருவது ஐந்தாவதின் கிளைகள். பல் எடுப்பதால் பார்வைக்குக் கேடு இல்லை. சீழ் பிடித்த மேல் பல்லை எடுக்காமல் விட்டால்தான் தொற்று கண்ணைச் சுற்றிப் பரவும் அபாயம் உண்டு.

குழந்தைகள் விஷயத்தில் 'விழப்போகிற பல்தானே' என்ற வார்த்தையை நாம் விட்டுவிட வேண்டும். பால் பற்களில் கடைசிக் கடைவாய்ப்பல் விழ 10, 12 வயதாகும். அதுவரை அதை வைத்துத்தான் குழந்தை மெல்ல வேண்டும், அடியில் வளரும் நிலையான பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். இன்னொன்று பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய பல். பால் பல் என்று நினைத்துக் கவனிக்காமல் விட்டு, பத்து வயதுக்குள் அதைச் சொத்தையாக்கிவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் ஆறு, ஏழு வயதுக் குழந்தை இருந்தால் இன்று ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள்.

சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவிடாதீர்கள். முன்பற்கள் வரிசையாகக் கருத்துக் கரைவது பெரும்பாலும் அதனால்தான். முதல் பல் முளைத்ததிலிருந்தே தேய்க்கலாம். மூன்று வயது வரை பேஸ்ட் ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும்.

பெரியவர்கள் தேய்க்கும் முறைக்கு வருவோம். நம் வீடுகளில் காலையில் பல் தேய்க்காதவர் இல்லை, ராத்திரி தேய்ப்பவர் குறைவு. தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும், அமிலத்தைக் கழுவிவிட ஆள் இல்லை. ஒரு வேளைதான் முடியும் என்றால் ராத்திரியைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். கடினமான பிரஷ்ஷால் குறுக்கே அழுத்தித் தேய்த்தால் ஈறு ஓரத்தில் பல் வெட்டுப்பட்டது போலத் தேயும், கூச்சம் அங்கேதான் தொடங்கும். மென்மையான பிரஷ், இரண்டு நிமிடம், எனாமலை உறுதியாக்கும் ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். பல தடவை கொப்பளித்தால் பல்லில் நிற்க வேண்டிய ஃப்ளோரைடும் போய்விடும். உப்பு, கரி, சாம்பல், செங்கல் பொடி எல்லாம் பளிச்சென்று காட்டும், எனாமலைத் தேய்த்துத்தான் அந்தப் பளபளப்பு. எனாமல் ஒரு முறை தேய்ந்தால் மறுபடி வளராது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகளை நினைத்தால் மனம் கனக்கிறது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அளவுக்கு மிஞ்சி இருந்ததால் பல் உருவாகும்போதே பழுப்புக் கறை ஏறிவிட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒழுங்காகத் தேய்ப்பதில்லை என்று அந்தப் பிள்ளைகளைத் திட்டுவதும், அந்தக் கறையைக் கரித்தூள் போட்டுத் தேய்ப்பதும் தவறு. அது அழுக்கு இல்லை, தேய்த்தால் போகாது.

இனிப்பில், எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பது முக்கியம். ஒவ்வொரு தடவை சர்க்கரை உள்ளே போனதும் வாயில் அமிலம் ஏறி, தணிய அரை மணி நேரமாவது ஆகும். சாப்பாட்டோடு ஒரு லட்டு சாப்பிடுபவரைவிட, நாள் முழுக்கச் சர்க்கரை போட்ட டீயை ஆறு தடவை உறிஞ்சுபவருக்குச் சொத்தை வர வாய்ப்பு அதிகம்.

வெற்றிலையோடு போடும் பாக்கு, புகையிலை சேராமலே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. வெறும் பாக்குதானே என்று இருந்துவிட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க வரவர இறுக்கம், இவற்றில் எது இருந்தாலும், வலி துளிகூட இல்லாவிட்டாலும், அந்த வாரமே காட்டிவிட வேண்டும்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுபவர்களுக்கு ஒன்று. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் பல் பிரிவு எந்த நேரம் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவாகவே இருக்கும், மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் செய்வார்கள். கூட்டம் இருக்கும். சீட்டு வாங்கக் காலையிலேயே போய்விடுங்கள்.