சோலார் போடுவதற்கு முன்னால் ஈபி பில்லின் உச்சியைப் பாருங்கள்

வெயில் காலம் வந்துவிட்டால் சொந்தக்காரர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள் என்று யாராவது போன் செய்து "எத்தனை கிலோவாட் போடலாம்?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போன ஒரு வருஷத்து பில் ஆறும் கையில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. கடைசியாக வந்த மே மாத பில்லைப் பார்த்து அதிர்ந்துபோய்த்தான் போன் செய்திருப்பார்கள். சோலார் கம்பெனி ஆளும் அந்த ஒரு பில்லைப் பார்த்துவிட்டு, "மூணு போடுங்க, நாலு போடுங்க, பில் ஜீரோ ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஜீரோ என்ற அந்த வார்த்தையில்தான் பலருடைய பணம் வீணாகிறது.

தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறுகிறது. 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு, அரசு மானியம் போக நாம் கட்டும் விலை இப்படி: இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4.70, அடுத்த நூறுக்கு 6.30. 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும், 101 முதல் 400 வரை முழுக்க 4.70, அடுத்த நூறுக்கு அதே 6.30. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55. 500 யூனிட் எரித்தவர் 1,805 ரூபாய் கட்டுகிறார், 501 எரித்தவர் 2,048 ரூபாய் கட்டுகிறார். அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். இதைப் பலபேர் கவனிப்பதே இல்லை.

இப்போது சோலாரைக் கொண்டுவாருங்கள். பேனல் தரும் ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் பில்லில் உச்சியிலிருந்துதான் கழிகிறது. முதலில் போவது பத்தரை ரூபாய் யூனிட், அப்புறம் ஒன்பதரை, அப்புறம் எட்டரை. கடைசியில் கழிவது 2.35 யூனிட்டும் இலவச நூறும். அதனால் மொட்டைமாடியில் வைக்கும் முதல் கிலோவாட்டும் நாலாவது கிலோவாட்டும் ஒரே அளவு கரண்ட் கொடுத்தாலும் ஒரே அளவு பணம் கொடுக்காது.

திருச்சிப் பக்கம் எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். ஒரு ஏசி, ஃபிரிட்ஜ், போர் மோட்டார், வாஷிங் மெஷின். வெயில் காலத்தில் இரண்டு மாதத்துக்கு 900 யூனிட், பில் 5,820 ரூபாய். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும் என்று வையுங்கள், இரண்டு மாதத்துக்கு 240. முதல் கிலோவாட் போட்டால் நிகரம், அதாவது எரித்ததில் சோலார் தந்ததைக் கழித்தது, 660 யூனிட், பில் 3,447. மிச்சம் 2,373 ரூபாய். இரண்டாவது கிலோவாட்டும் சேர்ந்தால் நிகரம் 420, பில் 1,301. இன்னும் 2,146 மிச்சம், ஏனென்றால் இங்கேதான் 500 என்ற கோட்டுக்குக் கீழே இறங்குகிறோம். மூன்றாவது போட்டால் நிகரம் 180, பில் 188 ரூபாய். மிச்சம் 1,113, முந்தையதில் பாதிதான். நாலாவது போட்டால்? அந்த 188 ரூபாய் மட்டும்தான் மிச்சம். அறுபது எழுபதாயிரம் செலவழித்து இரண்டு மாதத்துக்கு 188 ரூபாய்!

மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் மானியமும் இதே திசையில்தான் போகிறது. 2024 பிப்ரவரியில் வந்த திட்டம். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000. அதாவது மூன்றாவதுக்கு 18,000 மட்டும், நாலாவதுக்கு ஒன்றும் கிடையாது. கிலோவாட்டுக்கு அறுபது எழுபதாயிரம் என்று வைத்தால் இரண்டு கிலோவாட்டுக்கு மானியம் போக எங்கள் கையிலிருந்து ஏறக்குறைய 80,000 போனது. வெயில் கால மிச்சத்தை ஆறால் பெருக்கி "மூணு வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்" என்று சொல்வார்கள், அது தப்பு. ஐப்பசி கார்த்திகையில் ஏசி ஓடாது, எங்கள் வீட்டு யூனிட் 550க்கு வந்துவிடும், பில்லே 2,460தான், அது முழுதும் மிச்சமானாலும் அவ்வளவுதான். வருஷத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் இருபதாயிரம் சொச்சம், நாலு வருஷம் ஆகும். நாலு வருஷம் என்பதே மிக நல்ல கணக்குத்தான், பேனல் 25 வருஷம் உழைக்கும் பொருள்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஆறு பில்லிலும் உள்ள யூனிட்டை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் 240 கழித்து பில் எவ்வளவு என்று போடுங்கள், அப்புறம் 480 கழித்து, அப்புறம் 720. ஒவ்வொரு கிலோவாட்டும் வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம் செய்கிறது என்று தெரிந்துவிடும். விலையில் மானியத்தைக் கழித்து அந்த மிச்சத்தால் வகுங்கள். எட்டு வருஷத்துக்கு மேல் போகும் கிலோவாட்டை நான் போடமாட்டேன். பில்லில் நெட்வொர்க் கட்டணம் என்று ஒரு வரி வந்தால் அதையும் மிச்சத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் எரிக்கும் வீடு என்றால் பில்லே 235 ரூபாய்க்கு மேல் வராது. அவர்களுக்கு சோலார் வேண்டாம், அந்தப் பணத்தில் பழைய ஃபேனை மாற்றி குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் போட்டாலே போதும். 400 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு ஒரு கிலோவாட் தாராளம், ஆறேழு வருஷத்தில் பணம் திரும்பும். 600க்கு மேல் எரிப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், உடனே போடுங்கள்.

கரண்ட் கட் ஆனால் சோலார் ஓடுமா?

ஓடாது. ஈபி லைனோடு இணைந்து ஓடும் சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் இல்லையென்றால் உச்சிவெயிலிலும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாயக் கூடாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு, அது கட்டாயம் இருக்க வேண்டும். கரண்ட் கட்டுக்கும் வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் போட வேண்டும், செலவு நன்றாக ஏறும். ஏற்கெனவே வீட்டில் யுபிஎஸ் பேட்டரி இருந்தால் அது தன்பாட்டுக்கு இருக்கட்டும், பில்லைக் குறைப்பதற்காகத்தான் சோலார் என்றால் ஆன்கிரிட்டே போதும்.

நெட் மீட்டர் வரும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள்

எங்களுக்கு நடந்தது இது. பேனல் ஏற்றி முடித்த அன்றே, போட்ட ஆட்கள் "சும்மா ஓடட்டும் சார், மீட்டர் அப்புறம் வரும்" என்று சொல்லி ஆன் செய்துவிட்டுப் போனார்கள். நாங்களும் சந்தோஷமாக விட்டுவிட்டோம். ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம் வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டு, வாசல் மீட்டர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். ஒன்றும் ஓடாத வீட்டில் அந்தச் சிவப்பு விளக்கு அணைந்து கிடக்க வேண்டும். அது ஏசி ஓடும்போது சிமிட்டுவதைவிட வேகமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது, யூனிட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பழைய டிஜிட்டல் மீட்டர்களில் பல, கரண்ட் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காது, போனால் எண்ணும். நாங்கள் லைனுக்குக் கொடுத்த கரண்டுக்கு எங்களிடமே காசு வாங்கியது அந்த மீட்டர். அந்த பில்லில் கூடுதலாகப் பணம் கட்டினோம், இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அதனால் நெட் மீட்டர் என்ற இருவழி மீட்டர் மாட்டி, இம்போர்ட் (லைனிலிருந்து நாம் எடுப்பது) தனியாக எக்ஸ்போர்ட் (லைனுக்கு நாம் கொடுப்பது) தனியாக ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சோலார் மெயினைப் போட வேண்டும்.

மீட்டர் வந்த பிறகு இன்னொரு குழப்பம் வரும். இன்வெர்ட்டர் ஆப்பில் 480 யூனிட் உற்பத்தி என்று காட்டும், பில்லில் எக்ஸ்போர்ட் 300 என்றுதான் இருக்கும். மீதி 180 எங்கே போனது என்று சண்டைக்குப் போகாதீர்கள். அது பகலில் உங்கள் வீட்டு மோட்டாரும் ஃபிரிட்ஜும் நேரடியாகச் சாப்பிட்ட கரண்ட், வாசல் மீட்டருக்கு வந்துசேராமலே செலவாகிவிட்டது. இம்போர்ட் யூனிட்டில் எக்ஸ்போர்ட் யூனிட்டைக் கழித்தால் வருவது நிகரம், அதற்குத்தான் அடுக்கு விலை. நெட் மீட்டர் இருப்பவர்கள் துணி துவைப்பதையும் மாவு அரைப்பதையும் கட்டாயமாகப் பகலுக்கு மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. பகலில் கொடுத்த யூனிட் ராத்திரி ஏசிக்குக் கழிந்துவிடும். மிஞ்சினால் அடுத்த பில்லுக்குப் போகும். மிஞ்சியதை விற்றுச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், நாம் மேல் அடுக்கில் கட்டும் விலை நமக்குத் திரும்பி வராது.

விண்ணப்பத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர்தான். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பம் போக வேண்டும், மானியமும் அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் வரும். தாத்தா பெயரில் கார்டு இருக்கிற வீடுகள் நம் ஊரில் ஏராளம், முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள். அரசு இணையதளத்தில் பதிந்த நிறுவனம் மூலமாகத்தான் போட வேண்டும், பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மானியம் கிடையாது. அப்படி உள்நாட்டில் செய்த பேனலுக்கு டிசிஆர் பேனல் என்று பெயர், கொட்டேஷனில் அதை எழுதி வாங்குங்கள். சோலார் பேனல் போன்ற பொருள்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது, பழைய விகிதத்தில் கொட்டேஷன் கொடுத்தால் கேளுங்கள்.

மாடியில் பார்க்க வேண்டியவை

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நிழல்தான் பெரிய எதிரி. பேனல்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒன்றின் மேல் தண்ணீர்த் தொட்டி நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் இறங்கும். காலை ஒன்பது, மத்தியானம் பன்னிரண்டு, சாயந்தரம் நாலு என்று மூன்று வேளை மாடிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். பக்கத்து வீட்டுத் தென்னை இன்றைக்குச் சின்னதாக இருக்கலாம், அது வளரும். பேனல் தெற்கு பார்த்து, பத்து பதினைந்து டிகிரி சாய்வில் இருந்தால் போதும்.

ஸ்டாண்டில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். 2016 வர்தாவும் 2018 கஜாவும் கண்ணால் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்புச் சட்டம்தான் வேண்டும், வெல்டிங் வைத்து அலுமினிய பெயின்ட் அடித்தது இரண்டு மழைக்காலத்தில் துருவேறிவிடும், கடலோரம் என்றால் இன்னும் சீக்கிரம். தளத்தில் துளை போட்டால் ஒழுகும், கான்கிரீட் பீடம் கட்டி அதன்மேல் நிறுத்தச் சொல்லுங்கள். ஆள் நடக்கும் உயரத்துக்கு ஏற்றினால் கொஞ்சம் கூடுதல் செலவு, ஆனால் கீழே துணி காயப்போட இடம் கிடைக்கும், வீட்டுக்குள்ளும் சூடு கொஞ்சம் குறையும். எர்த்திங் மூன்று தனித்தனியாக வேண்டும்: பேனல் பக்கத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டர் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. ஒரே குழியில் மூன்றையும் சேர்த்துவிட்டுப் போகிறார்களா என்று கூடவே நின்று பாருங்கள்.

கழுவுவது காலையில், சூரியன் ஏறுவதற்கு முன்னால். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் படியும், அது தூசியைவிட மோசம், எடுக்கவும் வராது. நல்ல தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. மே மாதத்தில் வெயிலுக்கேற்ற அளவு யூனிட் வரவில்லையே என்று பயப்பட வேண்டாம், பேனல் சூடானால் திறன் குறையும். தெளிந்த வானமும் மிதமான சூடும் சேர்ந்த மாசி பங்குனியில்தான் நல்ல உற்பத்தி பார்ப்பீர்கள். இன்வெர்ட்டர் பேனல் அளவுக்கு உழைக்காது, நடுவில் ஒரு தடவையாவது மாற்ற வேண்டிவரும், கணக்கு போடும்போதே அதற்கு ஒரு தொகை ஒதுக்குங்கள்.

இன்னொன்று, சோலார் வந்ததும் "இனி கரண்ட் சும்மாதானே" என்று இரண்டாவது ஏசி வாங்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நிகரம் மறுபடியும் 500ஐத் தாண்டுகிறது, அந்த 243 ரூபாய் கோட்டில் திரும்பவும் நிற்கிறார்கள். மாதக் கடைசியில் இம்போர்ட், எக்ஸ்போர்ட் இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாத முடிவில் நிகரம் 250ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் ஏசியை 26க்கு ஏற்றிவிட்டு ஃபேனையும் சேர்த்துப் போடுங்கள், ரீடிங் எடுக்க ஆள் வருவதற்குள் கோட்டுக்குக் கீழே வந்துவிடலாம்.