கட்டுரையைத் திறக்கக் காசு கேட்கிறதா?

கொடைக்கானலில் எம்எஸ்சி இயற்பியல் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண் போன வாரம் முகம் வாடி வந்தாள். ‘ஃபிசிகல் ரிவ்யூ ஏ’ இதழில் அவளுக்கு வேண்டிய கட்டுரை. சுருக்கம் மட்டும் தெரிகிறது, மீதிக்கு டாலரில் பணம் கேட்கிறது. 1970-இல் தொடங்கிய அந்த இதழ் அணு, மூலக்கூறு, ஒளியியல் ஆய்வுகளுக்குப் பேர்போனது. அதைத் தவிர்த்துப் படிக்க முடியாது.

காசு கட்டாதீர்கள். கட்டுரைத் தலைப்பை அப்படியே காப்பி செய்து ‘ஆர்க்கைவ்’ தளத்தில் தேடுங்கள் (ஆங்கிலத்தில் arXiv, நடுவே எக்ஸ் வரும், சிஎச் அல்ல, நானே தப்பாக அடித்து அலைந்திருக்கிறேன்). 1991 முதல் இயற்பியலாளர்கள் தங்கள் கட்டுரைகளை அங்கே இலவசமாகப் போட்டு வருகிறார்கள். இந்தத் துறையில் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்பு இருந்தால் கடைசியை எடுங்கள். முதல் பதிப்பில் இருந்த பிழை திருத்தப்பட்டிருக்கலாம். மேற்கோளில் மட்டும் இதழின் பெயர், தொகுதி, கட்டுரை எண்ணைக் கொடுங்கள்.

அங்கேயும் இல்லையா? கட்டுரையாளருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். கேட்டால் அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று, நம் மலைக்கே உரியது: மதியம் மேகம் இறங்கி மழை பிடித்தால் சிக்னல் போய்விடும். காலையிலேயே பிடிஎஃப்-ஆக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனாலும் போனில் படிக்கலாம்.