பத்துமலைப் படியேறும் முன் தொடையைத் தொட்டுப் பாருங்கள்

பத்துமலையில் 272 படி. பினாங்கு தண்ணீர்மலையில் 513. ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும். தொடையைப் பதம் பார்ப்பது இறக்கம். அதனால்தான் தைப்பூசம் முடிந்த மறுநாளைவிட அதற்கடுத்த நாள் வலி கூடுதலாக இருக்கிறது. அதை "கால் வலி" என்று ஒரே சொல்லில் அடக்கி, தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறோம். ஆனால் முன்தொடை வலி வேறு, உள்தொடை வலி வேறு, தொடை இடுக்கில் வரும் வீக்கம் முற்றிலும் வேறு. எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கை அறிந்திருந்தால், எதை வீட்டிலேயே ஆற விடலாம், எதற்கு அன்றைக்கே கிளினிக் போக வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும். படிப்பதற்கு ஒரு கால்சட்டையும் ஒரு பாயும் போதும். நோவு இல்லாத நாளில் செய்து பாருங்கள். வலி வந்தபின் தடவினால் எல்லாமே வலிப்பது போலத்தான் இருக்கும்.

முதலில் எலும்பு

தசையைத் தேடாதீர்கள், எலும்பைத் தேடுங்கள். தசை ஆளுக்கு ஆள் பருமன் மாறும், எலும்பின் மேடு மாறாது.

மல்லாந்து படுத்து, கால்சட்டைப் பைக்குள் கைவிடுவது போல இடுப்பின் முன்பக்கம் கை வையுங்கள். விரலில் குத்துகிற கூரான எலும்புதான் இடுப்பு முனை. அடுத்து, தொப்புளிலிருந்து நேர் கீழே இறங்கினால் கெட்டியான கவட்டெலும்பு தட்டுப்படும். அதன் மேல்விளிம்பில் நடுக்கோட்டிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் விலகினால் பயறு அளவில் ஒரு சிறு மேடு இருக்கும். இடுப்பு முனைக்கும் இந்த மேட்டுக்கும் நடுவே வில்நாண் போல ஒரு கெட்டியான நார் ஓடுகிறது. வயிறும் தொடையும் பிரிகிற எல்லை அதுதான். மூன்றாவது அடையாளம் முழங்கால் சில்லு. அதற்குக் கீழே, கணுக்கால் வரை ஓடும் முன்னெலும்பின் உச்சியில் ஒரு முடிச்சு தெரியும். முன்தொடையின் பலமெல்லாம் கடைசியில் வந்து இழுக்கிற இடம் அந்த முடிச்சு.

முன்தொடை

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி மடக்கி, தொடையை இறுக்குங்கள். முழங்கால் சில்லுக்கு மேலே உள்பக்கம் கண்ணீர்த்துளி வடிவில் ஒரு மேடு எழும்பும்: வாஸ்டஸ் மீடியாலிஸ். வெளிப்பக்கம் நீளமாக விரிவது வாஸ்டஸ் லாட்டராலிஸ். நான்கில் பெரியது இதுதான். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் இடமும் இதன் நடுப்பகுதியே. பெரிய நரம்போ குழாயோ அங்கே குறுக்கே ஓடுவதில்லை. நடுவில் மேலிருந்து கீழாக இறங்குவது ரெக்டஸ் ஃபெமோரிஸ். அதற்கு அடியில் எலும்போடு ஒட்டிக்கிடக்கும் நான்காவது தசை, வாஸ்டஸ் இண்டர்மீடியஸ், கைக்கு எட்டாது. நான்கும் சேர்ந்து குவாட்ரைசெப்ஸ்.

ரெக்டஸ் ஃபெமோரிஸை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள். மற்ற மூன்றும் தொடையெலும்பிலிருந்து புறப்பட்டு முழங்காலை மட்டும் நீட்டுகின்றன. இது இடுப்பெலும்பிலிருந்து புறப்படுவதால் இடுப்பு மூட்டை மடக்கவும் செய்கிறது. இரண்டு மூட்டைத் தாண்டும் தசை இரண்டு பக்கமும் இழுபடும். ஃபுட்சாலில் ஓங்கி உதைக்கும்போது முன்தொடையில் "சுருக்" என்று கிழிவது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். உங்களுடையது இறுகியிருக்கிறதா என்று பார்க்க, குப்புறப் படுத்து வேறொருவரை உங்கள் குதிகாலைப் புட்டத்தை நோக்கி மெல்ல மடக்கச் சொல்லுங்கள். குதிகால் நெருங்கும் முன்பே அந்தப் பக்க இடுப்பு பாயைவிட்டு எழும்பினால் இறுக்கம் இருக்கிறது.

இடுப்பு முனையிலிருந்து தொடையின் குறுக்கே சாய்ந்து, முழங்காலின் உள்பக்கத்துக்குக் கீழே போய்ச் சேரும் நாடா போன்ற தசை ஒன்று உண்டு. சார்ட்டோரியஸ் என்ற பெயருக்குத் தையல்காரர் தசை என்று பொருள். உடம்பிலேயே நீளமான தசை. சம்மணம் போட்டு உட்கார்கிற அசைவு முழுவதிலும் இதற்குப் பங்கு உண்டு. மல்லாந்து படுத்து ஒரு குதிகாலை மற்ற முழங்காலின் மேல் வைத்து, மடித்த காலின் முழங்காலைச் சற்றே மேலே தூக்குங்கள். இடுப்பு முனைக்குக் கீழே கயிறு போல எழும்புவதைத் தொடலாம்.

உள்தொடை

முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு கால்பந்தை வைத்து நெருக்குங்கள். கவட்டெலும்புக்கு அருகில் விரலால் பிடிக்கும் அளவுக்கு ஒரு கெட்டியான நாண், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு, நிற்கும். அது அட்டக்டர் லாங்கஸின் மேல் நாண். உள்தொடையில் வழி கண்டுபிடிக்க இதுதான் கைப்பிடி. அதற்கு மேலே, வெளிப்பக்கமாகப் பெக்டினியஸ். அடியில் அட்டக்டர் பிரெவிஸ். இவற்றுக்கெல்லாம் பின்னால் விசிறி போல விரிந்து தொடையெலும்பின் நீளம் முழுக்க ஒட்டுவது அட்டக்டர் மாக்னஸ். உள்விளிம்பில் மெல்லிய பட்டையாக முழங்காலுக்குக் கீழே வரை போவது கிராசிலிஸ். இந்தக் கூட்டத்தில் முழங்காலைத் தாண்டுவது அது ஒன்றுதான்.

இந்தத் தசைகளின் வேலை தொடைகளைச் சேர்ப்பது என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு கணமும் இடுப்பு பக்கவாட்டில் ஆடாமல் பிடிப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. படி ஏறுவது ஒற்றைக் காலில் மாறி மாறி நிற்பதே. தோளில் காவடி ஆடும்போது அந்த ஆட்டத்தைக் கீழே வாங்கிக்கொள்வதில் உள்தொடையும் சேர்கிறது. பயிற்சி என்றவுடன் முன்தொடையை மட்டும் வளர்ப்பது அரைகுறை வேலை.

முன்தொடைக்கு ஃபெமரல் நரம்பு, உள்தொடைக்கு ஆப்டுரேட்டர் நரம்பு. இரண்டும் இடுப்பு முதுகெலும்பின் 2, 3, 4ஆம் மட்டங்களிலிருந்தே வருகின்றன. தொடையில் எங்கு அழுத்தினாலும் வலியில்லை, ஆனால் இருமினாலோ குனிந்தாலோ தொடையில் சுளீர் என்கிறது என்றால், முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கை வைக்கக் கூடாத முக்கோணம்

மேலே சொன்ன வில்நாண் ஒரு பக்கம், சார்ட்டோரியஸ் ஒரு பக்கம், அட்டக்டர் லாங்கஸ் ஒரு பக்கம். மூன்றுக்கும் நடுவில் தொடை இடுக்குக்குக் கீழே ஒரு பள்ளமான முக்கோணம் கிடைக்கும். இடுப்பு முனைக்கும் கவட்டெலும்பின் நடுக்கோட்டுக்கும் சரிபாதியில், மடிப்புக்குச் சற்றுக் கீழே இரண்டு விரலை மெல்ல வைத்தால் துடிப்பு தெரியும். காலுக்கே இரத்தம் கொண்டுபோகும் தமனி அது. வெளியிலிருந்து உள்ளே வரிசை இப்படி: நரம்பு, தமனி, சிரை. அதற்கும் உள்ளே நிணநீர்க் குழாய்கள். இந்த இடத்தில் முழங்கையால் அழுத்தி உருவிவிட யாரையும் அனுமதிக்காதீர்கள், அவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும். தொடையில் ஆழமாக வெட்டுப்பட்டு இரத்தம் பீறிட்டால் காயத்தின் மேலேயே துணியை வைத்து விடாமல் அழுத்திக்கொண்டு 999ஐக் கூப்பிடுங்கள்.

இங்கே வரும் கட்டிகளில் நமக்குப் பழக்கமானது நெறி கட்டுவது. வெறுங்காலில் தார்ச்சாலையில் நடந்து பாதத்தில் கொப்புளமோ கீறலோ பழுத்தால், அந்தப் பக்கத் தொடை இடுக்கில் நிணநீர் முடிச்சு வீங்கி வலிக்கும். கட்டியைத் தேய்க்காமல் பாதத்துக் காயத்தைப் பாருங்கள். காய்ச்சலோ காலில் சிவந்த கோடோ சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர் காய்ச்சலுக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. இருமும்போது புடைக்கிற, படுத்தால் உள்ளே போகிற கட்டி குடலிறக்கமாக இருக்கலாம். அது உள்ளே போக மறுத்து, வலியும் வாந்தியும் வந்தால் அவசரப் பிரிவுதான்.

இடுப்புப் பட்டையும் மரத்துப்போகும் தொடையும்

காவடிச் சட்டத்தை இடுப்புப் பட்டையில் பொருத்திக் கட்டும்போது ஒரு தவறு நடக்கும். தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்ச்சி தரும் மெல்லிய நரம்பு, இடுப்பு முனைக்குப் பக்கத்திலேயே வில்நாணுக்கு அடியில் நுழைந்து வருகிறது. பட்டை சரியாக அந்த முனையில் அழுந்தினால், வெளித்தொடை எரிந்து பிறகு மரத்துப்போகும். காலின் பலம் குறையாது, ஏனென்றால் அந்த நரம்பு தசை எதையும் இயக்குவதில்லை. பட்டையை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வையுங்கள். முனையில் விரல் தடிமனுக்குப் பஞ்சோ மடித்த துண்டோ கொடுங்கள். கட்டியபின் பத்து நிமிடம் நடந்து பார்த்து, ஊசி குத்துவது போல இருந்தால் அங்கேயே அவிழ்த்துக் கட்டுங்கள். கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குச் சுமார் 15 கிலோமீட்டர். முழுவதும் அழுத்தத்தோடு நடந்தால் மரப்பு வாரக்கணக்கில் நிற்கலாம். இறுக்கமான பெல்ட்டும் கூடுகிற தொப்பையும் இதே தொல்லையைத் தரும்.

ஒரு மண்டலத்தில் தொடையைத் தயார் செய்வது

விரதம் 48 நாள் என்றால், தசை பலப்படவும் ஏறக்குறைய அதே காலம் வேண்டும். முதல் நாளே இரண்டையும் சேர்த்துத் தொடங்கிவிடலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

முதன்மையானது இறங்கும் பயிற்சி. இறங்கும்போது முன்தொடைத் தசை சுருங்க முயன்றுகொண்டே நீள்கிறது. இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுவது இப்படித்தான்; 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி 72 மணிக்குள் உச்சத்துக்கு வரும் வலியின் காரணமும் அதுவே. நல்ல செய்தி, ஒருமுறை இந்த வேலையைப் பழகிய தசை அடுத்த முறை மிகக் குறைவாகவே சேதப்படும். ஃபிளாட் மாடிப்படியில் கைப்பிடியை லேசாகத் தொட்டபடி ஒரு காலில் நின்று, மற்ற காலின் குதிகால் கீழ்ப்படியைத் தொடும்வரை மூன்று நொடி எடுத்து மெல்ல இறங்குங்கள், தொட்டதும் ஏறுங்கள். காலுக்கு 8 முறை, மூன்று சுற்று. நிற்கிற காலின் முழங்கால் பெருவிரலின் உள்பக்கம் சாய்ந்தால் படி உயரம் அதிகம்; ஒரு தடித்த பலகையில் தொடங்குங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு கிலோ அரிசிப் பையைத் தோளில் ஏற்றுங்கள்.

உள்தொடைக்குப் பந்தை நெருக்குவதே தொடக்கம்: 5 நொடி நெருக்கி விடுவது, 10 முறை. இரண்டு வாரம் கழித்துப் பக்கவாட்டில் முழங்கையூன்றிப் படுத்து, மேல்காலின் முழங்காலை ஒரு நாற்காலியில் வைத்து, அதை அழுத்தி இடுப்பைத் தூக்குங்கள். ஆரம்பத்தில் 5 முறையே கடுமையாக இருக்கும். கூட்ட அவசரப்பட வேண்டாம்.

பயிற்சியின்போது வலி பத்துக்கு மூன்று என்ற அளவில் இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். சைவ விரதத்தில் புரதம் குறைந்துவிடுகிறது. கஞ்சியும் ஊறுகாயுமாக ஓட்டாதீர்கள். 100 கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் இருக்கிறது. பருப்பும் தௌஹுவும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோயில் படியில் இறங்கும்போது பாதத்தை முழுதாகப் பதித்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கியபடியே எடையை மாற்றுங்கள். தடதடவென்று இறங்கினால் தசை செய்ய வேண்டிய வேலை முழங்கால் சில்லுக்குப் போகும்.

கெட்டுப்போனால்

இரண்டு தொடையும் ஒரே மாதிரி, பரவலாக வலித்தால் அது இறக்கத்தின் வலி. மெதுவாக நடப்பதே மருந்து. ஒரு தொடையில், ஒரு விரலால் காட்டக்கூடிய இடத்தில், சட்டென்று தொடங்கியிருந்தால் கிழிசல். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, மிதமாகக் கட்டுப்போட்டு, ஓய்வு கொடுங்கள். முழங்காலை நீட்டவே முடியவில்லை, அல்லது சில்லுக்கு மேலே பள்ளம் தட்டுப்படுகிறது என்றால் நாணே அறுந்திருக்கலாம்; அது அன்றைக்கே மருத்துவமனை.

ஆட்டத்தில் எதிராளியின் முழங்கால் முன்தொடையில் இடித்து இரத்தம் கட்டியிருந்தால், முதல் மூன்று நாள் சூடு வைக்காதீர்கள், உருவிவிடாதீர்கள். கசங்கிய தசையை அழுத்தித் தேய்த்தால் கசிவு கூடும். பிற்பாடு அந்தக் கட்டிக்குள் சுண்ணாம்பு படிந்து எலும்பாகவே இறுகுவதும் உண்டு. வலி குறைவதற்குப் பதில் மணிக்கு மணி ஏறி, தொடை கல்லாக இறுகினால் அவசரம்.

மிதமிஞ்சிய உழைப்புக்குப் பிறகு சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால், உடைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். தண்ணீர் குடித்துப் பார்ப்போம் என்று இரவைக் கடத்த வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, உள்தொடையோ கெண்டைக்காலோ வலித்தால் சிரையில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். அந்தக் காலைத் தேய்ப்பது ஆபத்து.

பிள்ளைகள் விஷயம் தனி. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தொடையோ முழங்காலோ வலிக்கிறது என்று நொண்டினால், முழங்காலில் ஒன்றும் தெரியாவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் ஒரே நரம்புகள் கிளை கொடுப்பதால் இடுப்பின் கோளாறு கீழே வலியாகத் தெரியும். இந்த வயதில் தொடையெலும்பின் தலை, எலும்பு வளர்கிற குருத்துப் பகுதியான வளர்தட்டில் நழுவக்கூடும், எடை கூடிய பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக. மல்லாந்து படுக்கவைத்துத் தொடையை மடக்கும்போது கால் தானாக வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டால், இடுப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முடிவு தெரியும்வரை அந்தக் காலை ஊன்ற விடாமல் தூக்கிக்கொண்டோ சக்கர நாற்காலியிலோ கொண்டுபோங்கள்.