சக்கர நாற்காலியோடு புறாமலைக்கும் கவுடுல்லைக்கும்

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஆறு வருடமாகிறது. இடப்பக்கம் வேலை செய்யாது. வாய் மட்டும் முன்னையைவிட இரண்டு மடங்கு வேலை செய்யும். "யானை பாக்கோணும்" என்று தொடங்கினால் விடமாட்டா. திருகோணமலையிலிருந்து அவவைக் கூட்டிக்கொண்டு போய்வந்த பழக்கத்தில் இதைச் சொல்கிறேன்.

முதலில் வாகனம். மாற்றுத்திறனாளிகள் வாகனம் நிறுத்தும் இடத்தைக் காட்டும் நீலப் பலகையைத் தேடுவதற்கு முன், எந்தக் கதவால் இறக்கப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். ஆளின் பலமான பக்கத்தில்தான் நாற்காலி நிற்க வேண்டும். அம்மாவுக்கு வலக்கை நல்லது. அதனால் சாரதிக்குப் பின்னால் இருத்துவேன். கதவுப் பக்கம் திரும்பினால் அவவின் வலக்கைப் பக்கம் காரின் பின்புறம். நாற்காலியை அங்கே ஒட்டி வைக்கலாம். வலப்பக்கம் பலவீனமானவரை முன் இடது இருக்கையில் இருத்துங்கள். எந்தப் பக்கமானாலும் கதவு முழுதாகத் திறக்க, நாற்காலியும் நிற்க, குறைந்தது நாலு அடி வேண்டும். ஒரு பூங்கா வாசலில் நான் ரிக்கெட் எடுத்து வருவதற்குள் ஒரு வான்காரர் அந்த நாலு அடியை அடைத்துவிட்டார். வெயிலில் அரைமணி நேரம், அம்மாவின் ஏச்சு எனக்கு. அன்றிலிருந்து ஆளை வாசலில் இறக்கி நிழலில் விட்ட பிறகுதான் காரை நிறுத்துகிறேன்.

படிக்கு ஒரு பலகை கொண்டுபோங்கள். சாய்வுக்குப் பொதுவான கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: நாலு அங்குலப் படிக்கு நாலு அடிப் பலகை. அதைவிட உயரமென்றால் பின்பக்கமாகத் திருப்பி, இரண்டு பேர் பிடித்து ஏற்றுவதுதான் நல்லது. கவுண்டரில் உதவி கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. சண்டைக்கு அல்ல, தயங்காமல் கேட்பதற்குத்தான் இதைத் தெரிந்து வைத்திருக்கிறேன்.

யானை பார்க்க இரண்டு தேசிய பூங்காக்கள்: கந்தளாய் வீதியால் போனால் கவுடுல்ல, ஹபரணை தாண்டினால் மின்னேரிய. வரட்சிக் காலத்தில் குளத்து நீர் வற்றிப் புல் முளைக்கும்போது கூட்டங்கூட்டமாக வரும். சஃபாரி ஜீப்பின் பின் இருக்கை எங்கள் வீட்டு மதில் உயரம். அங்கே ஏற்ற முயற்சி செய்து நாரியைப் பிடித்துக்கொண்டவன் நான். சாரதிக்குப் பக்கத்து இருக்கையை முதலே பேசி வையுங்கள். அதுவும் உயரமென்றால், ஜீப்பை ஒரு மண்திட்டியை ஒட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாதி உயரம் குறைந்துவிடும். பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, ஆகவே நாற்காலி காரிலேயே இருக்கட்டும். மெத்தையை மட்டும் எடுங்கள். குலுக்கலில் தோல் உரஞ்சினால் புண் வரும். கழிப்பறை வேலையைப் புறப்படும் முன் முடித்துவிடுங்கள்.

புறாமலை வேறு கதை. 2003இல் தேசிய பூங்காவாக்கிய இந்தத் தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அடங்கியிருக்கும். அப்போதும் காலையிலேயே போங்கள், காற்று எழும்பினால் ஆளைப் படகில் ஏற்றுவது பெரும்பாடு. காய்ந்த மணலில் நாற்காலியைத் தள்ளாதீர்கள், முன்சில்லு புதையும். பின்பக்கமாக இழுங்கள். ஈரமணலுக்கு வந்தால் இலகு. அப்புறம், கை வைத்த பிளாஸ்டிக் கதிரையில் ஆளை மாற்றி, லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, கதிரையோடு தூக்குங்கள். படகுக்காரர் இரண்டு பேராவது வேண்டும். கூலியோடு இதையும் பேசுங்கள். படகின் முன்நுனியான முன்னணியத்தில் இருத்தவே வேண்டாம், அங்கேதான் தூக்கிப்போடும்.

தீவின் கரையில் உடைந்த முருகைக்கற்கள். சில்லு உருளாது, வெறுங்கால் வெட்டும். அதே கதிரையில் நிழலுக்குத் தூக்கிப்போய் வையுங்கள். அம்மா அங்கே இருந்தபடியே நீந்துகிற எல்லோருக்கும் புத்தி சொல்லுவா.

வீட்டுக்கு வந்த கையோடு நாற்காலியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, சில்லின் அச்சுக்கு எண்ணெய் விடுங்கள். ஒருமுறை அலுப்பில் விட்டுவிட்டேன், ஒரு கிழமையில் முன்சில்லு இரண்டும் இறுகிவிட்டன.